விரத வாடை

எங்கள் வீட்டில் விடிந்ததும் நடக்கிற முதல் வேலை, நான் அம்மாவின் முகத்தில் ஊதுவது. பல் துலக்குவதற்கு முன்னால், தண்ணீர்கூடக் குடிக்காமல், வாயை அகலத் திறந்து நீளமாக ஒரு மூச்சு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்ப்பாள். "சரி, போ" என்றால் அன்றைக்குப் பிழைத்தேன். முன்பெல்லாம் இதை வாசலில் வைத்துத்தான் செய்வோம். எதிர்வீட்டு டில்லிபாபு மாமா, "இன்னா பிரேமா, பொண்ணு நேத்து எத்தினி குவாட்டராம்?" என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். அதற்குப் பிறகு அம்மா இதைச் சமையலறைக்கு மாற்றிவிட்டாள். மனுஷருக்கு இன்னும் அது தமாஷ்தான்.

எனக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வந்தது. வியர்வையில் உப்பு கண்டபடி போய்விடும். நெஞ்சுச் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டது செரிக்க ஒவ்வொரு வேளையும் மாத்திரை வேண்டும். மற்றவர்களைவிட நான் நிறையச் சாப்பிட வேண்டும், உப்பும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பரிதாபப்படச் சொல்லி இதைச் சொல்லவில்லை. "ஐயோ பாவம்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்தது புரிய வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

அம்மா திருத்தணியில் எங்கள் தெருவிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மூடியைத் திறந்த உடனே, மாவு எத்தனை மணி நேரம் புளித்தது என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கைத்தான் என்மேலும் வைத்தாள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் என் மூச்சில் திராட்சை வாசனை அடிக்கிறது என்றாள். வீட்டில் திராட்சையே கிடையாது. எனக்கு இருமல் கூடவில்லை, காய்ச்சலும் இல்லை. யார் சொல்லியும் கேட்காமல் சென்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளியைச் சோதித்தபோது, நுரையீரலில் ஒரு கிருமி அப்போதுதான் குடியேறியிருந்தது. அந்தக் கிருமிக்குத் திராட்சை மாதிரி ஒரு வாசனை உண்டு என்று டாக்டர் சுதா சொன்னார். ஆரம்பத்திலேயே பிடித்ததால் மருந்துக்கு அடங்கிப் போய்விட்டது. அன்றிலிருந்துதான் இந்தத் தினசரி ஊதல்.

நான் சொல்ல வந்தது, எனக்குப் பதினேழு வயதில் நடந்தது.

நைனா கஜபதிக்கு ஊருக்கு வெளியே வேர்க்கடலை நிலம். நான் பிறந்த வருஷத்திலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு என் பேரில் புஷ்பக் காவடி எடுக்கிறார். அவரும் அம்மாவும் மாலை போட்டுக்கொண்டு பதினைந்து நாள் விரதம் இருப்பார்கள். ஒரு வேளைச் சோறு, அதிலும் உப்பு கிடையாது. கடைசி நான்கு நாள் சோறும் இல்லை, பால் மட்டும்தான். பதினேழு வருஷத்தில் இரண்டு பேரில் ஒருவர்கூட ஒரு நாளும் அதை முறித்ததில்லை. இதைச் சொல்லும்போது நைனாவுக்கு நெஞ்சு ஒரு சாண் முன்னால் வரும்.

அந்த வருஷம் நானும் காவடி எடுப்பேன் என்று அடம் பிடித்தேன். டாக்டர் சுதா போனிலேயே கறாராகச் சொன்னார். மெதுவாகப் படியேறட்டும், ஆனால் மூன்று வேளையும் உப்புப் போட்டுச் சாப்பிட வேண்டும், விரதம் என்ற பேச்சே கூடாது. நானும் தலையாட்டினேன். அடுத்த நாளே தாயம்மாள் அத்தை வந்து, "துன்னுகினே காவடி எடுக்கப் போறாளாமே! முருகன் சிரிக்கமாட்டாரு?" என்றாள். நைனாவின் அக்கா அவள். அவளுக்கு வாய் அப்படித்தான். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா மாவு வியாபாரத்தில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து, காலை டிபனைப் பின்பக்கத்துக் கோழிகளுக்குப் போட்டேன். ராத்திரிச் சோற்றிலும் பாதி அவற்றுக்குத்தான். எங்கள் தெருவில் அந்த ஆடி மாதம் நன்றாகக் கொழுத்தது அந்தக் கோழிகள் மட்டும்தான்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு காலையில் ஊதினேன். அம்மா "சரி, போ" என்று சொல்லவில்லை.

"இன்னொரு தபா ஊது."

ஊதினேன்.

"பழம் அழுகினா மாரி அடிக்குதுடி. நகப் பாலிஷ் மாரியும் இருக்குது. இன்னா துன்ன?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து, கோழிக் கதையைச் சொல்லிவிட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அதற்கப்புறம் அம்மாவுக்கு மூச்சே திரும்பி வந்தது. பட்டினி கிடந்தால் வாயில் இந்த வாடை வரும் என்று எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. ஆடி மாதத்தில் பாதித் தெரு அப்படித்தான் மணக்கும். அவள் வாயிலும் அதேதான், நைனா வாயிலும் அதேதான். டாக்டர் சுதாவுக்குப் போன் போட்டபோது அவரும் அதையே சொன்னார். உடனே விரதத்தை நிறுத்திச் சாப்பாடு கொடுங்கள், இருமலோ காய்ச்சலோ வந்தால் அழைத்து வாருங்கள் என்றார். நைனாவுக்கோ தாங்கமுடியாத பெருமை. "பாத்தியா, யாருக்கும் தெரியாம விரதம் இருந்திருக்குது எம் பொண்ணு!" என்று டில்லிபாபு மாமாவிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. முட்டாள்தனமான பெருமை.

அன்று முழுக்க அம்மா எதிரில் உட்கார்ந்து எனக்கு மூன்று வேளையும் ஊட்டாத குறையாகப் போட்டாள். நெய், உப்பு, மாத்திரை எதிலும் குறை வைக்கவில்லை. மறுநாள் பரணி. விடிந்ததும் ஊதினேன்.

"இன்னும் அடிக்குது" என்றாள்.

"ஒரே நாள்ல போயிடுமா?" என்றார் நைனா. காவடிக்கு மூங்கிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாள் விரதம் இருந்திருக்குது. போவுறதுக்கும் நாலு நாள் ஆவும்."

"எத்தினி நாள் ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விரதத்தை நடுவில் முறித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால்தானே தெரியும்? காவடி இறங்கின அன்றைக்குச் சாப்பிடுகிறவர்கள் யார் தன் வாயை மோந்து பார்க்கிறார்கள்?

அம்மா அடுப்பிலிருந்து இட்லிப் பானையை இறக்கி வைத்தாள். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நீ மோந்து பாரு" என்று என் முகத்தில் ஊதினாள். எனக்கு அது புதுசு. இத்தனை வருஷத்தில் அவள் ஊதி நான் பார்த்ததே இல்லை. அழுகின பழ வாடை, லேசாக. நைனாவையும் ஊதச் சொன்னாள். முறைத்துக்கொண்டே ஊதினார். அவருக்கும் அதேதான்.

பிறகு அம்மா தட்டில் நாலு இட்லி வைத்து, மேலே காரச் சட்னியை ஊற்றி, முருகன் படத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மாலை கழுத்தில் அப்படியே இருந்தது. நைனா கையிலிருந்த மூங்கில் கீழே விழுந்தது.

"ஏய்! இன்னா பண்ற நீ? நாளைக்குக் கிருத்திக!"

"எத்தினி நேரத்துல வாட போவுதுன்னு பாக்கறேன்."

"பதினேழு வருஷம் பிரேமா!"

"ஆங், தெரியும்" என்றாள். அவள் விழுங்கச் சிரமப்பட்டது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நாலையும் முடித்தாள். எனக்கும் பக்கத்தில் நாலு வைத்தாள். நைனா ஒன்றும் சாப்பிடவில்லை. கோபத்தில் அன்றைக்குப் பாலைக்கூடத் தொடவில்லை.

மத்தியானச் சோறும் ஆனது. மூன்று பேரும் மறுபடியும் ஊதினோம். இந்த முறை தாயம்மாள் அத்தையைக் கூப்பிட்டு மோந்து பார்க்க வைத்தாள் அம்மா. அத்தை திருவிழாவுக்காகத் தன் ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், விரதமும் இல்லை. அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டே வரிசையாக வந்தாள். நைனாவிடம், "ஏ அப்பா, அடிக்குதுடா" என்றாள். அம்மாவிடம், "ஒண்ணியும் இல்ல, சட்னி வாசனதான்" என்றாள். என்னிடம் வந்து இரண்டு அடி பின்னால் போனாள். "தம்பியவிட இவளுக்குத்தான் ஜாஸ்தி" என்றாள்.

அம்மா எழுந்துவிட்டாள். "துன்னவளுக்கு அரை நாள்ல போயிடுச்சி. இவ நேத்துலேர்ந்து துன்றா, போவல. இது விரதம் இல்ல." என் பக்கம் திரும்பினாள். "வேற இன்னாடி மறைக்கிற?"

தாகத்தைச் சொன்னேன். பத்து நாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறேன், ராத்திரி ஐந்தாறு தடவை பாத்ரூம் போகிறேன், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வெயில் என்று நினைத்தேன், விரதம் என்று நினைத்தேன். காவடி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

அம்மா பையை எடுத்தாள். நைனா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. என் பேரில் எடுக்கிற காவடி நின்றுபோனால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உண்மையாகவே நம்பினார்.

"ஒரே ஒரு நாள் பொறு. நாளைக்குக் காவடிய எறக்கிட்டு நானே இட்டுகினு போறேன்."

"உங்க காவடிய நீங்க தூக்குங்க. இவள நான் தூக்கிகினு போறேன்" என்றாள் அம்மா.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் மஞ்சள் துணி. ஆந்திராவே திரண்டு மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அரோகரா சத்தத்துக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த்திசையில் முட்டிமோதிப் போனோம். எனக்கு மூச்சு வாங்கியது. வயிறு வலித்தது. நானும் மஞ்சள் பாவாடையில்தான் இருந்தேன். "கோயிலு அந்தாண்ட இருக்குதும்மா" என்று ஒருவர் வழிகூடக் காட்டினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி அரக்கோணம் தாண்டிக்கூடத் தளரவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 486. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது, என் வாயில் அடித்த பழ வாடை அதனால்தான். டாக்டர் சுதா ஓடிவந்தார். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையமும் கெடும் என்பதால் சர்க்கரை வருவது உண்டு. ஆனால் வாயில் வாடை அடிக்கிற அளவுக்கு முற்றுவது ரொம்ப அபூர்வம், அதனால்தான் போனில் கேட்டபோது தனக்குத் தோன்றவில்லை என்று அம்மாவிடம் நேராகவே சொன்னார். "நான் தப்பாச் சொல்லிட்டேன், மோனிஷா அம்மா. நாளைக்கு அந்தக் கூட்டத்துல, படியில மயங்கி விழுந்திருந்தா ஆம்புலன்ஸ்கூட உள்ள வந்திருக்க முடியாது."

அம்மா அதற்கும் அழவில்லை. இன்சுலின் ஏறி, மறுநாள் காலையில் நான் கண் திறந்து காபி கேட்டபோதுதான் அழுதாள். அதுவும் எனக்காக இல்லை. "பதினேழு வருஷ விரதத்த நாலு இட்டிலிக்கு வுட்டுட்டேனே" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். இந்தப் பொம்பளையின் வயிற்றில் பிறக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதையேதான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் நைனா வந்தார். மொட்டைத்தலையில் சந்தனம். காவடியை இறக்கிவிட்டு நேராக ரயில் ஏறியிருந்தார். என் நெற்றியில் விபூதி பூசினார். அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த மூன்று நாளும் அவர் ஸ்டூலை என் கால்மாட்டில் போட்டுக்கொண்டார், அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் சுதா இங்கிலீஷ் அறிக்கையைத் தமிழில் படித்துச் சொன்னார். பட்டினி வாடையா, நோய் வாடையா என்று நோயாளியின் தாயார் வீட்டிலேயே பிரித்துக் கண்டுபிடித்து, தக்க நேரத்தில் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தார். படிக்கும்போது அவர் குரலே ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், அம்மாவுக்குப் பேர் இருக்குது" என்றேன். கோபமாகத்தான் வந்தது. பதினேழு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அவள் வெறும் மோனிஷா அம்மா. என் பைல் இரண்டு செங்கல் கனம் இருக்கும், அதில் ஒரு இடத்திலும் அவள் பெயர் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, 'தாயார்' என்ற இடத்துக்குப் பக்கத்தில் பிரேமா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நைனா கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் வராது. "எந்த எடம்?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரரிடம் போனார். முன்பின் தெரியாத மனிதர், காலில் கட்டோடு படுத்திருந்தார்.

"இத பாருங்க, பிரேமான்னு போட்டுக்குது. எங்க வூட்டுல. காவடிக்கு மொத நாளு வெரதத்த வுட்டுச்சிங்க. வுட்டுதான் எம் பொண்ணக் கண்டுபுடிச்சிச்சி."

"மெதுவா பேசுங்க, இது ஆஸ்பத்திரி" என்றாள் அம்மா. நான்கு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நைனா மெதுவாகப் பேசவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.