தோவான் வீட்டுக் குளத்து மீன்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றால், மெகோங் ஆற்றுச் சேறு என் வாயை அடைக்கட்டும்.

தோவான் வீட்டுக் குளத்தின் மேல் இரண்டு பலகை, இடுப்புயரத்துக்கு ஓலைத் தட்டி. அதுதான் கழிப்பறை. உட்கார்ந்தபடியே எதிர்க்கரை ஆளோடு நெல் விலை பேசலாம். கீழே கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்து காத்திருக்கும். விழுவது தண்ணீரைத் தொடுமுன் காணாமல் போகும்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மீன்கள் விலகிக்கொண்டன. களிமண் நிறத்தில், எண்ணெய் மினுங்க, மிதந்தது மிதந்தபடியே கிடந்தது. ஒரு கிழட்டுக் கெளுத்தி மட்டும் கிட்டே வந்து முகர்ந்து, சம்பந்தி வீட்டில் உப்பில்லாத குழம்பு கிடைத்தவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோவானுக்குக் கூசியது. கழியால் அதை ஆகாயத்தாமரை மறைவுக்குத் தள்ளிவிட்டான்.

பிறகு ஊர் எழுமுன்னே போய்வரலானான். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. முதுகுவலிக்கு மனைவி லூவா தைலம் தடவி, ஊர் வைத்தியப்படி காசு விளிம்பால் முதுகைச் சுரண்டிவிட்டாள்.

“என்னண்ணே, இடுப்பு கொடியாட்டம் ஆயிருச்சு? ரெண்டாங் கல்யாணமா?” என்றான் எதிர்க்கரை ஹோவாய்.

தோவான் சிரித்துவைத்தான். அண்ணனும் இப்படித்தான் மெலிந்து, மஞ்சளாகி, கணையப் புற்றில் போனான். அதற்கு முன்னே அப்பா. “ரத்த உறவுங்க நல்லா இருக்கும்போதே வருஷாவருஷம் ஸ்கேன் பாத்துக்கணும்” என்று அண்ணனைப் பார்த்த டாக்டரம்மா அன்றே சொன்னாள். சீக்குக் குடும்பமென்று பேராகிவிட்டால் யார் பெண்ணெடுப்பார்கள்? தானும் போகவில்லை, மகள் தியெப்பையும் விடவில்லை.

கடைசியில் அவன் கண்ணில் மஞ்சளைப் பார்த்தது லூவாதான்.

“எத்தன நாளா?”

அவன் குளத்தைக் காட்டினான். “மீனுங்களக் கேளு.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனுடைய ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “கட்டி சின்னதுதான் மாமா. வெட்டி எடுக்க முடியுமான்னு பாப்போம். சொன்னப்பவே வந்திருந்தா இதவிடச் சின்னதுல புடிச்சிருக்கலாம். இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?”

“மீனுங்க திங்க மாட்டேன்னுருச்சும்மா.”

அவள் சிரிக்கவில்லை. “மகள வரச் சொல்லுங்க.”

தியெப் ஸ்கேன் அறைக்குள் போனாள். கதவோரம் அவள் கழற்றிவிட்டுப்போன செருப்பையே தோவான் பார்த்துக்கொண்டிருந்தான். லூவா பக்கத்தில்தான் இருந்தாள். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்தக் குளத்து மீன் முழுவதையும் லூவா வைத்தியச் செலவுக்காகத் தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்பே பிடித்து விற்றுவிட்டாள். புதுக் குஞ்சு இன்னும் விடவில்லை.