மூன்றாவது விருந்தாளியின் உள்ளங்கை

விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கள் சபைப் போதகர் நந்தகுமார் ஐயா பொம்மை கேட்டார். மரத்தடியில் ஆபிரகாம், எதிரே அவர் வீடு தேடி வந்த மூன்று விருந்தாளிகள். 2006 மே மாதம். விருத்தாசலத்து வெயிலில் சூளைக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இல்லை.

கேட்ட கையோடு என் பொம்மைப் பட்டறையிலேயே வாக்குவாதமும் ஆரம்பித்தது. "மூணு பேருல ஒருத்தரு இயேசுதான். பொறக்கறதுக்கு முன்னாலயே அவரு அப்பப்ப வந்துட்டுப் போயிருக்காரு" என்றார் போதகர். கூட வந்திருந்த சபைச் செயலாளர் ராஜாங்கம் விடவில்லை. "கடவுள நேர்ல பாத்துட்டு யாருங்க உசுரோட இருக்க முடியும்? மூணு பேருமே தேவதூதருங்கதான்." டீ ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில் மூவருக்கும் ஒரே முகம் என்று முடிவானது. அவரவர் இஷ்டப்படி பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வேலை சுலபமாயிற்று. ஈஸ்டருக்குச் செய்த உயிர்த்த இயேசுவின் அச்சு கையில் இருந்தது. அதிலேயே மூன்றையும் வார்த்தேன். ஒரே சிக்கல், இரண்டு உள்ளங்கையிலும் ஆணிக்குழி விழும். ஆபிரகாம் காலத்தில் ஏது சிலுவை? ஈரம் காய்வதற்குள் குழிகளைக் களிமண்ணால் அடைத்துவிடும்படி பாஞ்சாலையிடம் சொன்னேன்.

பாஞ்சாலை மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆறு வருஷமாக என்னிடம் பொம்மைக்குப் பிசிறு வழித்துத் துடைக்கிற வேலை. அந்த மாதம் மட்டும் நான்கு பொம்மைகளை உடைத்திருந்தாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "இன்னொரு தப்பு நடந்துதுன்னா, திங்கக்கெழம வேலைக்கு வர வேணாம்" என்று சொல்லியிருந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

சனிக்கிழமை சூளையைத் திறந்தால், மூன்றாவது பொம்மையின் கைகளில் குழி அப்படியே இருந்தது. பொம்மைகளை எடுத்துப்போக வந்த போதகரும் செயலாளரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"ஏன் பாஞ்சால அடைக்கல?" என்று கேட்டேன்.

"அடைக்கத்தாங்க போனேன். மூணுல ஒருத்தரு அவருதான்னு ஐயா சொன்னாங்களே. இந்தக் காயம் இல்லாம எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னா, எனக்கு அவர அடையாளம் தெரியாதுங்க."

செயலாளருக்கு முகம் சிவந்தது. "பிள்ளைங்க எதுக்கு அப்புறம் எதுன்னு தெரியாம கொழம்பிடும். பட்டி வச்சி அடைச்சிடும்மா."

நான் பட்டி டப்பாவைப் பாஞ்சாலையிடம் நீட்டினேன். "அடை. இல்லன்னா கெளம்பு."

ஒரு துளி எடுத்துக் குழியருகே கொண்டுபோனாள். துளியைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். பொம்மையைச் செயலாளரிடம் நீட்டினாள்.

"என்னால ஆவலைங்க. உங்க சாமி, நீங்களே அடைச்சிடுங்க ஐயா."

ராஜாங்கம் பட்டியைக் கட்டைவிரலில் எடுத்தார். பொம்மையின் கையைப் பிடித்தார். விரல் குழிக்கு நேரே வந்து நின்றுவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஏதோ ரயில் கூவிவிட்டுப் போனது. ராஜாங்கம் விரலை மெல்ல எடுத்து, தன் வெள்ளை வேட்டியிலேயே பட்டியைத் துடைத்துக்கொண்டார்.

"இது இப்படியே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஞானஸ்நானம் வாங்கியவள் நான். ஆறு குழிகளையும் அடைக்கச் சொன்னவளும் நான்தான்.

வைக்கோல் சுற்றிப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது பாஞ்சாலை என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"திங்கக்கெழம வரட்டுங்களாம்மா?"

"வா" என்றேன்.