லிஃப்ட் ஓடாத நாளில் பொதுக்குழு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்டெடுத்த மகத்தான பொருள் சங்கம்தான். எங்கள் கட்டடத்தில் அந்த மகத்தான பொருள் மொட்டைமாடி அறையில், காலி பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தது.

குடியிருப்போர் சங்கம், லாப நோக்கமற்றது. லாபத்தை அது கண்ணால் கண்டதும் இல்லை. உறுப்பினர்களே நடத்துவது என்று அச்சடித்திருந்தாலும் நடத்தியவர் தலைவர் ஒருவர்தான். தொலைபேசி இலாகாவில் ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாதவர். பழைய லிஃப்ட் மக்கர் பண்ணிய காலத்தில் எல்லோரும் அவரைத் தேடி வந்தார்கள். போராடிப் புது லிஃப்ட் வாங்கினார்கள். பிறகு அதில் ஏறி, நேரே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவுக்கு, விதிப்படி வேண்டிய ஒன்பது பேர்கூடச் சேரவில்லை. அடுத்த முறையும் சேராவிட்டால் சங்கம் தானாகக் கலையும், பதிவும் போகும். அந்த விதியை எழுதியவரும் அவரே. கம்பீரமாக இருக்கட்டும் என்று எழுதினார்.

ஆகவே இன்று காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து லிஃப்டின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டார். குறை இருந்தால் கூட்டம் வரும். ஐந்து மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அதைப் போராட்ட உணர்வு என்று எடுத்துக்கொண்டார்.

நேரம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து கீழே குரல் கொடுத்தார்.

“லிஃப்ட் ஓடலையாமே. யாருக்கும் கோபம் வரலையா?”

“வருது தலைவரே,” என்றார் கீழிருந்து தையல்காரம்மா. “முட்டிவலியும் வருது. அதான் கோபத்தைக் கீழேயே வச்சிருக்கோம்.”

சிரிப்புச் சத்தம். ஒருவர் சிரிப்பல்ல, நிறையப் பேர் சிரிப்பு.

“நீங்க இறங்கி வாங்கண்ணே,” என்றார் இரண்டாம் மாடி ஓட்டுநர். “இங்கேயே கூட்டத்தை முடிச்சிடலாம்.”

“இடத்தை மாத்தணும்னா முன்கூட்டியே எழுத்துல அறிவிக்கணும். விதி.”

“சரி, விதியோட பேசிட்டிருங்க. எங்களுக்கு டீ ஆறுது.”

அறைக்குத் திரும்பி மைக்கைத் தட்டிப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. வரவேற்புரையைப் பாதிவரை வாசித்தார். கீழே மறுபடி சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்க ஆசையாக இருந்தது. விதி கிடக்கட்டும் என்று இறங்கினார்.

லிஃப்ட் வாசலில் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

“எண்ணிப் பாருங்க தலைவரே. ஒன்பதுக்கு மேலயே இருக்கோம். ஆரம்பிங்க.”

வாங்கி ஒரு வாய் குடித்தார். வெகு நாளுக்குப் பிறகு இன்னொருவர் போட்ட டீ.

அப்போது, லிஃப்டைப் பார்க்க அவர்கள் வரவழைத்து, மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். “ஃபியூஸ் கட்டையே இல்லைங்க. யாரோ எடுத்திருக்காங்க.”

“அப்ப முதல் தீர்மானம், அந்தத் திருடனைக் கண்டுபிடிக்கிறது,” என்றார் ஓட்டுநர். எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவரும் தூக்கினார்.

“கையெழுத்துப் போடணுமே. வருகைத் தாள் எங்கண்ணே?”

“மேல… மேசைமேல. நானே போய் எடுத்துட்டு வரேன்.”

“இந்த வயசுல மறுபடி ஏறுவீங்களா? உக்காருங்க.”

ஓட்டுநர் அதற்குள் முதல் மாடியைத் தாண்டிவிட்டார். வருகைத் தாள் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஃபியூஸ் கட்டை வைக்கப்பட்டிருந்தது.