தனித்தனியாகத் தாங்கும்

மேசைக்கடியில் முட்டி போட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து, மாப்பிள்ளை அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டான். டிக், டிக், டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டிக். பெட்டியின் முகப்பில் பச்சையாக எரிய வேண்டிய இரண்டு விளக்குகளில் ஒன்று சிவப்பாக எரிந்தது. விடியற்காலையில் பார்த்தபோதும் சிவப்புதான். தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் பார்த்திருப்போம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு ஐந்து மணி நேரத்தை ஓட்டியிருந்தான்.

கூடத்தில் மூடி திறந்த சவப்பெட்டியில் மாமனார் கிடத்தப்பட்டிருந்தார். நேற்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வண்டி பதினோரு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?" மனைவி கதவோரம் நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஒயர் ஒண்ணு லூஸா இருக்கு."

"அம்மாவுக்கு அப்பா குரலைக் கேக்கணுமாம். தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை. எல்லாம் இந்தக் கறுப்புப் பெட்டியிலதானே இருக்கு, போட்டுக் காட்டுங்க."

"இதோ வரேன். நீ போ."

அவள் போனாள். வீட்டுக்கெல்லாம் ஒரு சாவு. அவனுக்கு மட்டும் இரண்டு.

மாமனார் முப்பத்திநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை எடுக்க டாக்டர் தேதி குறித்தபிறகு, மிச்சமிருந்த ஒன்பது நாளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பேசிப் பதிந்தார். நாற்பத்திரண்டு பதிவுகள். எல்லாம் தன் மனைவிக்கு. மாமியார் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "மனுஷன் எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. குரலை மட்டும் தனியா எதுக்குக் கேக்கணும்? அப்புறம் பாத்துக்கலாம்" என்றுவிட்டாள். அதன்பிறகு இரண்டரை வருடம் அவர் சிலேட்டில் எழுதிச் சண்டை போட்டார். அவள் வாயால் பதில் சொன்னாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள்.

கறுப்புப் பெட்டி அந்தப் பதிவுகளுக்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்த ஐந்து கம்ப்யூட்டருக்கும் போன்களுக்கும் பொதுவாக எல்லாவற்றையும் நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் பெட்டி. எதை வாங்குவது என்று மாப்பிள்ளை மூன்று வாரம் படித்தான். படங்களெல்லாம் வெளியே எங்காவது ஒரு கம்பெனியிடம் இருக்கட்டுமே என்று மச்சினன் சொன்னதற்கு, "நம்ம பொருள் நம்ம வீட்டுலதான் இருக்கணும் மச்சான்" என்று சாப்பாட்டு மேசையில் ஒரு பிரசங்கமே செய்தான். இரண்டு டிஸ்க் போட்ட பெட்டியை வாங்கிவந்து மாட்டியபோது திரை ஒரு கேள்வி கேட்டது. ஒன்றில் இருப்பதையே மற்றதிலும் எழுதவா, இல்லை இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கவா? முதல் வழியில் இடம் பாதியாகிவிடும். எவ்வளவு பெரிய பெட்டி என்று அவன் ஏற்கெனவே எல்லாரிடமும் அளந்துவிட்டிருந்தான். சேர்த்துவிட்டான். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான். ஆனால் மாற்றுவதென்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் உள்ளே சேர்ந்துகொண்டே போனது. மாமனாரின் நாற்பத்திரண்டும் வந்து சேர்ந்தன. "போன்ல இடத்தை அடைக்குது மாமா" என்று போனிலிருந்து அவற்றை அழித்ததும் அவன்தான்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சத்தம் வருதா சார்?"

"டிக் டிக்னு வருது."

"உடனே அணைச்சுடுங்க. ரெண்டுலயும் ஒரே நகல்தானே? அப்ப கவலையில்ல."

"இல்ல. சேத்து வெச்சிருக்கேன்."

"ஏன் சார் அப்படிப் பண்ணீங்க? ஒண்ணு போனா ரெண்டும் போன மாதிரிதான் அது. கொண்டாங்க, பாக்கலாம். வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

பெட்டியை அணைத்தான். டிக் சத்தம் நின்றது. நின்றதும்தான் இன்னும் பயமாக இருந்தது. நேராகப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்து கதவுவரை போனான். அங்கிருந்து பார்த்தால் மாமியாரின் முதுகு தெரிந்தது. அவள் கணவரின் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தாள். அந்த முதுகிடம் எப்படிச் சொல்வது? அவன் திரும்பி வந்துவிட்டான்.

தன் போனைத் திறந்து, என்ன தேடுகிறோம் என்றே தெரியாமல் தள்ளிக்கொண்டே போனான். இரண்டரை வருடத்துக்கு முந்தைய தேதியில் ஒரு பதிவு நின்றது. நாற்பத்தைந்து விநாடி. மாமனாருக்கு எப்படிப் பதிவது என்று முதலில் தன் போனில் செய்து காட்டியிருந்தான். அது அங்கேயே கிடந்திருக்கிறது! காதில் வைத்து அழுத்தினான். "ஹலோ... ஹலோ..." அவர் குரல்தான். அதற்குமேல் கேட்க அவன் நிற்கவில்லை. கூடத்துக்கு ஓடினான்.

"இந்தாங்க அத்தை."

மாமியார் போனை இரண்டு கையாலும் வாங்கினாள். காது மந்தம் என்பதால் மனைவி சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஹலோ... ஹலோ... மாப்பிள்ளை, இது ஓடுதா?"

"ஓடுது மாமா, பேசுங்க."

"என்னத்தப் பேச, சுவத்தைப் பாத்து?" சிரிப்பு, இருமல். "ஆமா, நான் பேசுறதெல்லாம் எங்க போய் உக்காரும்?"

"அந்தப் பெட்டியில. உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு மாமா."

"லிஃப்டுக்கு அஞ்சாறு கயிறு போடுவோம். ஒத்தைக் கயிறே முழுப் பாரத்தையும் தாங்கும். இது எப்படி? தனித்தனியாத் தாங்குமா, ரெண்டும் சேந்தாத்தான் தாங்குமா?"

பதிவில் ஒரு சின்ன மௌனம் வந்தது. அங்கிருந்தவர்களில் அது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அவன் கை போனை நோக்கிப் போய், பாதியில் நின்றது. இது அதில் இருக்கிறது என்பதையே அவன் மறந்திருந்தான்.

"தனித்தனியாத் தாங்கும் மாமா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். கவலையே படாதீங்க, எல்லாம் பத்திரமா இருக்கும்."

"அப்ப சரி."

மாமியார் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத ஏதோ ஒன்று வந்தது. "அதே இருமல்" என்றாள். "இன்னொரு தடவை போடுங்க." போட்டான். மறுபடியும் சுவர், இருமல், கயிறு. மறுபடியும் அவன் குரல், தெளிவாக, தைரியமாக. மனைவி அவன் தோளில் சாய்ந்து விசும்பினாள். "நல்லவேளை, நீங்க எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கீங்க" என்றாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "மச்சான், வாங்க, தூக்கலாம்" என்று மச்சினன் கூப்பிட்டான்.

எப்படி அழுத்துவது என்று மாமியார் இதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவை தானே போட்டுவிட்டு, அது ஓட ஓட அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மிச்சத்தையெல்லாம் ஒரே நாள்ல கேக்க மாட்டேன் மாப்பிள்ளை. தினம் காலையில ஒண்ணு. ஒண்ணரை மாசம் வரும்ல?"

"அத்தை..."

"என்ன, பத்திரமாத்தானே இருக்கு?"

அவன் வாயைத் திறந்தான்.

"கவலையே படாதீங்க, எல்லாம் பத்திரமா இருக்கும்" என்றது போன்.

மாமியார் போனைப் பார்த்துத் தலையாட்டினாள். அதை அணைத்து, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஐந்து பேர் சவப்பெட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். கால்மாட்டில் வலப்பக்க மூலை மட்டும் அவனுக்காகக் காலியாக இருந்தது.