குன்றிலிருந்து இறங்கிய பரண்

ஏணியின் ஒன்பதாவது படியில் கால் வைத்ததும் டெல்மர் நின்றுவிட்டார். மொத்தமே பத்துப் படிகள்தான். ஆகஸ்ட் வெயிலில் மரம் காய்ந்து, கை வைத்த இடமெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. பனியோ ஈரமோ துளிகூட இல்லை. இருந்தும் அந்தப் படியில் முழு எடையையும் இறக்க அவருக்கு மனம் வரவில்லை. கீழே டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அவருடைய தங்கை லவோன்.

"என்னண்ணே, குளவியா?"

"இன்னும் உள்ளயே போகலை."

"போறதுக்கு முன்னாடியே நடுங்கினா எப்படி? கதவைத் திற. கொட்டினா நான் இருக்கேன் சிரிக்கிறதுக்கு."

ஒன்பதாவது படியைத் தாண்டி நேரே பத்தாவதில் கால் வைத்து, கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார். குன்றின் உச்சியில், ஆள் உயரத்துக்கும் மேலான மரக்கால்களில் நின்ற மான் வேட்டைப் பரண் அது. நான்கு பலகைச் சுவர்கள், சுவருக்கு ஒரு சன்னல், தகரக் கூரை. எலி கடித்துத் துப்பிய நாற்காலிப் பஞ்சு தரையெல்லாம் கிடந்தது. கூரை மூலையில் குளவிக்கூடு காய்ந்து வெறுமையாக இருந்தது. தூக்குவதற்கு முன் பரணுக்குள் ஏறிக் குளவி பார்ப்பது, ஆடுகிற சாமான்களைக் கீழே இறக்குவது, நங்கூரக் கம்பிகளை அவிழ்ப்பது எல்லாம் எப்போதும் டெல்மரின் வேலை. கீழே நின்று கைச்சைகை காட்டி வண்டிக்கு வழி சொல்வது ஓர்விலின் வேலை. ஓர்வில் லவோனின் கணவர். இருபது வருடங்களாக அந்த வட்டாரத்தில் யாருடைய பரணை எங்கே மாற்றுவதானாலும் டெல்மரின் டிராக்டரையும் ஓர்விலின் கைகளையும்தான் கூப்பிடுவார்கள். இன்று அந்தக் கைகள் கீழே வீட்டுப் பின்வாசலில், சக்கர நாற்காலியின் மேல் இருந்தன.

போன வருடம் இதே ஆகஸ்டில்தான் ஓர்வில் கேட்டார். "மச்சான், முட்டி ரெண்டும் போச்சு. இந்த ஏணி இனி எனக்கு ஆகாது. பரணைக் கீழே ஓடைப் புல்வெளிக்கு இறக்கிடலாம். ரெண்டு மணி நேர வேலைதானே?" ரெண்டு மணி நேர வேலைதான். ஆனால் அந்தப் புல்வெளி வழியாகத்தான் தினமும் அந்தியில் கொம்பன் மான் ஒன்று ஓடையைத் தாண்டி டெல்மரின் ஓக் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மரத்தில் கட்டியிருந்த கேமராவில் நான்கு வருடங்களாக அதை அவர் பார்த்துவந்தார். முதல் வருடம் கொம்பில் ஆறு கிளை, அப்புறம் எட்டு, அப்புறம் பத்து. மனைவி இறந்த பிறகு, இருட்டில் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் புரட்டுவது அவருக்கு ஒரு துணை போல ஆகிவிட்டிருந்தது. புல்வெளியில் பரண் வந்தால் அந்தக் கொம்பன் ஓர்விலுக்குத்தான் கிடைக்கும். அல்லது வாடை பிடித்து வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடும். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. "டிராக்டர்ல தூக்குற சிலிண்டர் ஒழுகுது மச்சான். பாகம் வரணும். வந்ததும் பண்ணிடலாம்."

சிலிண்டரில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

செப்டம்பரில் ஓர்வில் ஒருமுறை கேட்டார். பாகம் வரவில்லை என்றார் டெல்மர். லவோனிடமும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அப்பாடா, மறந்துவிட்டார் என்றுதான் டெல்மர் நினைத்துக்கொண்டார். நவம்பரில் துப்பாக்கி வேட்டை தொடங்கிய முதல் நாள், விடியலுக்கு முன்னால், படிகளில் உறைபனி கண்ணாடி போலப் படிந்திருந்தபோது ஓர்வில் இந்த ஏணியில் ஏறினார். துப்பாக்கியையும் பையையும் கீழே கயிற்றில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு ஏறி, மேலே போய் இழுத்துக்கொள்வதுதான் அங்கே எல்லோருடைய வழக்கமும். ஒன்பதாவது படியில் வழுக்கியது. விழுந்த இடத்திலிருந்து கை எட்டாத தூரத்தில் பை கிடந்தது. கைப்பேசி அதற்குள் இருந்தது. ஏழு இருபதுக்கு டெல்மர் தன் தோப்புப் பரணிலிருந்து அந்தக் கொம்பனைச் சுட்டார். குடலை எடுத்து, வண்டியில் ஏற்றி, பத்து மணி வாக்கில் குன்றுக்கு ஓட்டிவந்தார். காட்டிப் பெருமையடித்துக்கொள்ளத்தான் வந்தார். ஏணிக்கடியில் இலைச் சருகின்மேல் கிடந்த ஓர்வில், உதடு நீலம் பாரித்து, முதலில் கேட்டது இதைத்தான்: "நீதானா சுட்டது? அந்தக் கொம்பனா?"

டெல்மர் வராமல் இருந்திருந்தால் ஓர்வில் குளிரிலேயே போயிருப்பார் என்று மருத்துவர் சொன்னார். லவோன் அதைத் தேவாலயத்தில் எழுந்து நின்று சொன்னாள். அடுத்த மூன்று வாரங்களும் யார் யாரோ டெல்மரின் கதவைத் தட்டி, மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொன்றையும் சாப்பிட்டு, கழுவி, திருப்பிக் கொடுத்தார். கொம்பை மட்டும் சுவரில் மாட்டவில்லை. அது கொட்டகையில் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

நாற்காலியைக் கயிற்றில் இறக்கினார். காலி காபி டப்பாவை இறக்கினார். சுவரில் ஒரு நூலில் பென்சில் தொங்கியது. அதைச் சுற்றிலும் பலகை முழுக்க ஓர்விலின் குட்டி எழுத்துகள். தேதி, காற்றுத் திசை, எத்தனை பெண்மான், எத்தனை குட்டி. பரணை இடம் மாற்றும்போதெல்லாம் மாற்றியவர் தன் கையால் தேதியும் இடமும் எழுத வேண்டும் என்பது ஓர்வில் வைத்த விதி. டெல்மரின் கோணல் எழுத்து நான்கு இடங்களில் இருந்தது. எதையும் தேடாமல்தான் அவர் கண்ணை ஓட்டினார். கடைசி வரிக்கு முந்தின வரியில் கண் நின்றது.

அக். 11. வடமேற்குக் காற்று. 4 பெண், 2 குட்டி. டெல்மரின் டிராக்டர் டாலஃப்சன் வீட்டுப் பரணைத் தூக்கிக்கொண்டு சாலையில் போகிறது. நன்றாகத்தான் தூக்குகிறது.

தெற்குச் சன்னலுக்கு வெளியே சாலை ரிப்பன் போலத் தெளிவாகத் தெரிந்தது. அன்று பண்ணைக்காரர் டாலஃப்சன் கேட்டபோது, அது வேறு பக்கத்து நிலம், ஓர்விலுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து ஒப்புக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அக்டோபர் வில்வேட்டைக்காக ஓர்வில் இங்கே ஏறி உட்கார்ந்திருப்பார் என்று தோன்றவே இல்லை. அந்த முட்டியோடு. ஆக, மறந்துவிட்டுக் கேட்காமல் இருக்கவில்லை. தெரிந்துகொண்டு கேட்காமல் இருந்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் நவம்பரில் ஏறியிருக்கிறார். பத்து மாதங்களாக ஒவ்வொரு ஞாயிறும் டெல்மர் அவரோடு காபி குடிக்கிறார். மருத்துவமனையில் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓர்விலிடமிருந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

இதுவரை இந்தப் பரணில் லவோன் ஏறியதில்லை. உயரம் அவளுக்கு ஆகாது. தரைக்கு வந்துவிட்டால், ஓர்விலின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தினமும் அவள்தான் உள்ளே வருவாள்.

டெல்மர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, வரியின் தொடக்கத்தில் வைத்துத் தேய்த்தார். தேதி சாம்பல் நிறமாகக் கரைந்து, பலகையின் ரேகைக்குள் பரவியது. தேதி மட்டும்தான் போனது, மீதி வரி அப்படியே இருந்தது; தேய்த்த இடம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"அண்ணே! உள்ளயே தூங்கிட்டியா? டீசல் ஓடிக்கிட்டிருக்கு!"

விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

டிராக்டரின் முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கரங்களைப் பரணின் அடிச்சட்டத்துக்குள் செலுத்தி, பட்டைகளால் இறுக்கி, மெதுவாகத் தூக்கினார். நான்கு மரக்கால்களும் மண்ணை விட்டு எழும்பித் தொங்கின. அவை நின்ற இடத்தில் நான்கு சதுரக் குழிகள். சரிவில் இறங்கும்போது பாரம் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி குப்புற விழும். அதனால் குன்று முழுவதும் பின்னோக்கியே இறங்க வேண்டியிருந்தது. பின்னால் லவோன் வழி காட்டினாள். அவளுக்குச் சைகைகள் தெரியாது. கோழி விரட்டுவது போல இரண்டு கைகளையும் வீசினாள்.

"வலதா இடதா, சொல்லித் தொலை!"

"என் வலதா, உன் வலதா?"

"உன் புருஷன் ஒரு விரலை அசைச்சாப் போதும், எனக்குப் புரியும்."

"அப்போ அவரையே கூப்பிடு. நடந்து வருவாரு." சொன்ன உடனே அவள் முகம் மாறியது. "சும்மா சொன்னேண்ணே. நீ மூஞ்சியைத் தூக்காதே. நீ இல்லேன்னா அந்த ஆளு இன்னிக்கு நாற்காலியிலகூட இல்லை. எனக்குத் தெரியாதா?"

டெல்மர் வண்டியை மறுபடி நகர்த்தினார். கழுத்தைத் திருப்பி அவளைப் பார்க்கும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் பரண் அவர் கண்ணெதிரே ஆடிக்கொண்டு வந்தது. திறந்த சன்னல் வழியாக உள்ளே இருட்டும், அந்த இருட்டுக்குள் எங்கோ சுவரும். பட்டையை ஒரு சுற்று தளர்த்தினால் போதும், இந்தச் சரிவில் பெட்டி நழுவி ஓடைக்கல்லில் விழுந்து சிதறும். விபத்து என்பார்கள். புதுப் பலகையில் புதுப் பரண் அவரே கட்டித் தருவார். இந்த எண்ணம் வந்ததைவிட, அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவரை உலுக்கியது. போன ஆகஸ்டிலும் இப்படித்தான் சுலபமாக வந்தது. வண்டியை நிறுத்தி, இறங்கி, பட்டைகளைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு ஏறினார்.

புல்வெளியின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஓர்வில் காத்திருந்தார். மடியில் ரம்பம். பழைய ஆரஞ்சுத் தொப்பி. பரண் நெருங்கியதும் வலது கை மேலே எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி: இறக்கு. முஷ்டி: நில். இரண்டு விரல் இடப்பக்கம். டெல்மருக்கு இப்போது வேறெங்கும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அந்தக் கை ஒன்றைத் தவிர. தூக்கிப் பிடித்த நிலையிலேயே, கீழே முட்டுக்கட்டைகள் கொடுத்து, ரம்பத்தை வாங்கி நான்கு கால்களையும் அறுத்தார். ஒவ்வொன்றும் விழும்போது புல் அமுங்கும் சத்தம் கேட்டது. பெட்டி தரையில் உட்கார்ந்தது. ஒரு சன்னல் கிழக்கே, ஓடையைத் தாண்டும் தடத்தைப் பார்த்திருந்தது.

"வண்டி நல்லா இருக்கு," என்றார் ஓர்வில்.

"இருக்கு."

"லவோன், துடைப்பம் எடுத்துட்டு வாயேன். அப்படியே அந்த ருபார்ப் கேக்கும். மச்சான் என்னை உள்ள தள்ளட்டும்."

"குப்பையோடயா? பெருக்கிட்டு வர்றேன், இருங்க."

"குப்பை என்னோடதுதானே. நான் முதல்ல பார்க்கிறேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் போனாள். டெல்மர் பலகையைச் சரிவாகப் போட்டு நாற்காலியை உள்ளே ஏற்றினார். இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது. ஓர்வில் சன்னலுக்கு வெளியே நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். சாம்பல் தீற்றலின் மேல் கண் நின்றது, அங்கிருந்து டெல்மரின் கட்டைவிரலுக்கு வந்தது, மறுபடி சன்னலுக்குப் போய்விட்டது. ஓடைக்கு அப்பால் தவிட்டுப்புறா ஒன்று கூவியது. டெல்மர் வாயைத் திறந்தார்.

"ஓர்வில், அந்த சிலிண்டர்..."

"கொம்பை மாட்டினியா?"

"இல்லை."

"ஏன்?"

ஓர்வில் கையை நீட்டி, நூலில் தொங்கிய பென்சிலைப் பிடித்து அவரிடம் கொடுத்தார்.

"எழுது. மாத்தினவன்தானே எழுதணும்."

அக்டோபர் வரிக்குக் கீழே நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு வரி, அதற்கும் கீழே வெற்றுப் பலகை. டெல்மர் தேதியை எழுதினார். 'ஓடைப் புல்வெளி' என்று எழுதினார். பென்சிலை எடுக்கவில்லை. இன்னும் எழுத வேண்டியது இருந்தது. அது எத்தனை வரிகள் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. 'ஒரு வருடம் தாமதமாக' என்று எழுதினார். அதற்குமேல் கை நகரவில்லை.

சாய்பலகையில் காலடிச் சத்தம் கேட்டது.

"என்ன ரெண்டு பேரும் உள்ள பூட்டிக்கிட்டு சுவத்துல கிறுக்கிட்டிருக்கீங்க?" லவோன் வாசலில் நின்றாள். ஒரு கையில் துடைப்பம், மறுகையில் தட்டு. "அட, இவ்வளவு எழுதியிருக்காரா இவரு? எனக்கு ஒரு பிறந்தநாள் அட்டையில நாலு வார்த்தை எழுத மாட்டாரு."

ஓர்வில் திரும்பவில்லை. புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தின் மேல் இருந்த அவர் கை, உள்ளங்கை கீழ்நோக்கி, அசையாமல் இருந்தது. டெல்மரின் தோளும் முதுகும் அந்த வரிகளை மறைத்திருந்தன. அப்படியே நின்றால் இன்றைக்குப் போதும். அவர் பென்சிலை விட்டார். அது நூலில் ஆடியது. பிறகு, இடமில்லாத அந்த இடத்தில், பக்கவாட்டில் ஒடுங்கி, சுவரை விட்டு நகர்ந்தார். வாசல் வெளிச்சம் பலகையில் விழுந்தது.

லவோன் தட்டைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தலைமேல் ஏற்றியிருந்த படிக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.