கீழ்வயலின் பதில்

எங்கள் மலையில் வாய்க்கால் தண்ணீரை யாரும் சொல்லாமல் திறப்பதில்லை. வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. மேலே மடையைத் திறந்தால் கீழே உள்ளவரின் நாற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மேல்வயல்காரர் முதலில் “தண்ணி வருது” என்று குரல் கொடுப்பார். கீழ்வயல்காரர் வரப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தயாராக இருந்தால் “வரட்டும்” என்பார். இல்லையென்றால் “நில்லு” என்பார். நில்லு என்ற பிறகு மடையில் கை வைக்கக் கூடாது. வைத்தால் சேதம் மேல்வயல் கணக்கு. வரட்டும் என்று சொல்லியிருந்தால் கீழ்வயல் கணக்கு. அவ்வளவுதான். குரல் எட்டும் தூரம் வரை செல்லும் சட்டம் அது.

எங்கள் ஊர்த்தொகுதியான திருப்புலி நாட்டில் ஊற்றும் மேல்வயலும் என் அப்பா குழந்தைவேலுடையவை. என்னைக் கட்டிக்கொடுத்தது அதற்கு நேர் கீழே உள்ள வயல்காரர் வீட்டுக்கு. அப்பாவுக்குப் பிறகு மேலே எல்லாம் அண்ணன் சென்றாயனுக்கு வந்தது.

ஒரு கொல்லை எப்படித் தீம் பார்க் ஆகிறது என்பதை நான் கீழே இருந்தபடியே பார்த்தேன். மலை அருவியைப் பார்க்க வந்த கார்கள் நிற்க இடமில்லாமல் சாமைக் கொல்லையோரம் நின்றன. அண்ணன் அந்த ஓரத்தைச் சமன் செய்து கொடுத்தார். நின்றவர்களுக்கு டீ வேண்டியிருந்தது. டீ ஆறும்வரை பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சல். ஊஞ்சலுக்குப் பின்னால் சறுக்கு, குட்டி ரயில், சிமென்ட் யானை. மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இப்போது கயிற்றுப் பாலம் ஆடுகிறது. அதிலெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிலம், அவர் பிழைப்பு.

இந்த ஆனியில் செயற்கை அருவி வந்தது. ஊற்றுத் தண்ணீர் பாறைமேல் கட்டிய தொட்டியில் நிறையும். அதில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவார்கள். தொட்டியின் வால்வுத் திருகைத் திருப்பினால், கீழே ஆடுகிறவர்கள் தலையில் கொட்டும். கொட்டிய தண்ணீர் பழைய வாய்க்காலில் இறங்கும். அந்த வாய்க்கால் என் வயலுக்குத்தான் வருகிறது.

கொட்டுவதற்கு முன் கூட்டத்தை உசுப்பிவிட வேண்டுமல்லவா? அண்ணன் தன் குரலையே பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டார்: “தண்ணி வருது!” கூட்டம் “வரட்டும்” என்று கத்த வேண்டும். ஆட்டம் அது.

முதல் நாள் நான் நாற்றங்காலில் நின்றிருந்தேன். அண்ணன் குரல் கேட்டது. வரப்பைப் பார்த்தேன். “வரட்டும்” என்று சொல்லி, என் கையாலேயே எங்கள் வயல் மடையைத் திறந்தேன். ஆஸ்பத்திரித் தரை வாடையோடு தண்ணீர் வந்தது. தவளைகள் மல்லாந்து மிதந்தன. அந்த வாரத்துக்குள் நாற்று நுனியிலிருந்து வெளுத்துப் போனது.

மேலே போய்க் கேட்டேன். அண்ணன் சிரித்தார்.

“நீதானே கண்ணு வரட்டும்னு சொன்னே? இங்க வரைக்கும் கேட்டுச்சே.”

முதலில் குரல் கொடுத்தது யார் என்றேன். அது சும்மா ஆட்டத்துக்குப் போட்டது என்றார்.

“ஆட்டம்னா என் பதில் செல்லாது. என் பதில் செல்லும்னா அது ஆட்டமில்லீங்கண்ணா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

சீசன் முடியட்டும், தனிக் கால்வாய் வெட்டலாம் என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் தமிழ்செல்வன் அதற்குள் இரண்டாவது முறை விதைத்திருந்தார். வீட்டில் விதைநெல் அதோடு தீர்ந்தது. நாற்றங்காலுக்கு அந்த வாய்க்காலை விட்டால் வேறு தண்ணீரும் இல்லை. இதுவும் வெளுத்தால் இந்த வருடம் எங்களுக்கு நடவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு நடுவே பாறைக்கு முன்னால் போய் நின்றேன். மேலே தொட்டித் திருகில் கை வைத்து நின்றவர் குப்புசாமி. அப்பா காலத்தில் எங்கள் மடையைத் திறந்தவரும் அவர்தான்.

“தண்ணி வருது!” என்றது ஸ்பீக்கர்.

கூட்டம் வாயைத் திறக்கும் முன் நான் குரல் கொடுத்தேன்.

“நில்லு.”

பிறகுதான் அத்தனை பேரும் வரட்டும் என்று கத்தினார்கள். குப்புசாமி அவர்களைப் பார்க்கவில்லை. திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் வராமல் கூட்டம் ஊளையிட்டது. அண்ணன் ஓடிவந்து, திறடா என்று கீழிருந்து அதட்டினார்.

“கீழ நில்லுன்னுட்டாங்க. அப்புறம் எப்படிங்க தெறக்கறது?” என்றார் குப்புசாமி. “கேட்டது நீங்கதானுங்களே.”

அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஸ்பீக்கர் அவர் குரலிலேயே மறுபடியும் “தண்ணி வருது!” என்றது.

நான் மறுபடியும் பதில் சொன்னேன்.