கூப்பிடு தூரம்

அட்டவணைப் புத்தகம் அச்சாகி வந்த மறுநாள் காலை, எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நகரம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அதில் நகரத்தின் தப்பு எதுவும் இல்லை. விமானக் கம்பெனியில் தூரமும் பறக்கும் நேரமும் எழுதுகிற குமாஸ்தா கடைசித் தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி ஐந்தாவது முறையாகப் போன் செய்தாள். ஒரே மகள் அந்த ஊருக்கு வேலைக்குப் போகிறாள். எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம் என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு. “கூப்பிடு தூரந்தான், போனை வை” என்றார். வாய் சொன்னதைக் கையும் எழுதிவிட்டது.

பறக்கும் நேரத்தை அவர் முன்னாலேயே சரியாக எழுதியிருந்தார்: பதினோரு மணி பத்து நிமிடம். ஆகவே விமானம் கிளம்பி, அத்தனை நேரமும் மேலேயே சுற்றி, இரண்டு வேளை சாப்பாடு போட்டுவிட்டு, ரயில் பாதையைத் தாண்டி இறங்கியது. மகளும் அப்படித்தான் போனாள். ஜன்னல் சீட்டுக்காரர்கள் தங்கள் மொட்டை மாடியில் காயும் துணியைப் பார்த்தபடியே பயணம் செய்தார்கள். மழை வந்தால் எடுக்க முடியவில்லையே என்பதுதான் ஒரே குறை. நடந்து போகப் பார்த்தவர்கள் நாள் முழுக்க நடந்தும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே இருந்தார்கள். நடையைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் மட்டும் கேட்டது.

குமாஸ்தாவின் மனைவி கூப்பிட்டாள். மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆறு மாதம் கூப்பிட்டாள். “ஏய் பூசணி, தலையத் துவட்டினியா?” “யாருடி அது கூட வர்றது?” அந்த நகரத்தில் பாஷை தெரியாதவர்களுக்கும் மகளின் செல்லப்பெயர் மனப்பாடம் ஆனது, மேலதிகாரியே அவளைப் பூசணி என்றுதான் அழைத்தார். ஏழாம் மாதம், புத்தகத்துக்குப் பிழைதிருத்தம் போடும் முறை வந்தது. அன்று மகள் ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

“அப்பா, தூரத்தை மாத்துங்கப்பா! என்னால முடியல!”

குமாஸ்தா பிழைதிருத்தத் தாளை எடுத்தார். திருத்தினால் மனைவி உடைந்துபோவாள். இப்படியே விட்டால் மகள் ஒரேயடியாகக் கையைவிட்டுப் போய்விடுவாள்.

“மாத்தினீங்கன்னா அவ எங்கிட்ட பேசவே மாட்டா” என்றாள் மனைவி.

“இப்ப மட்டும் பேசறாளா? நீதானே பேசற” என்றார் அவர். சொன்னாரே தவிர, எண்களை ஒவ்வொன்றாக எழுதும்போது கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பழையபடி காலியிடம் கிடந்தது. ஆறு மாதமாக விளையாட இடமில்லாமல் தவித்தவர்கள் பந்தும் மட்டையுமாக வந்துவிட்டார்கள். மனைவி நாற்காலியைக் கீழே கொண்டுவந்து போட்டுக்கொண்டு, கணவரோடு பேச்சை நிறுத்தினாள்.

எதிரே இருந்த வரையில் ஒருமுறைகூட வீட்டுக்கு வராத மகள், முதல் லீவுக்கே டிக்கெட் போட்டாள். விமானம் நேராகப் பறந்து வந்து, சொன்ன நேரத்துக்கு இறங்கியது. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் ஏறியதும் மகள்தான் ஆரம்பித்தாள்.

“என்னம்மா, ஒண்ணுமே கேக்கல?”

“நீயே சொல்லு” என்றாள் அம்மா.

வீடு வரும்வரை மகள் சொல்லிக்கொண்டே வந்தாள்.